பல்கலைக்கழக வாசலில் தோண்டும் பள்ளம்: வகுப்பு அட்டவணையை மறக்கும் பணித் திட்டங்கள்

ஒரே அகலமுள்ள இரண்டு சாலைகளில் ஒன்று கடைவீதி வழியாகவும் மற்றொன்று பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியும் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே நாளில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, பாதி அகலத்தைத் தடுப்பு வைத்து அடைத்தால், வாகன எண்ணிக்கைக் கணக்குப்படி இரண்டு இடங்களிலும் பாதிப்பு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. கடைவீதிக்கு வருவோர் நெரிசலைப் பார்த்து அரை மணி நேரம் முன்போ பின்போ வந்துகொள்கிறார்கள். முடியாவிட்டால் மறுநாளைக்குத் தள்ளிப்போடுகிறார்கள். வளாகத்துக்கு வருவோருக்கு அந்த வசதி கிடையாது. ஒன்பது மணி வகுப்பு ஒன்பது மணிக்கே தொடங்கும். தேர்வுக்கூடத்தின் கதவு, மாற்றுப்பாதையில் சுற்றி வருகிறவருக்காகத் திறந்து வைக்கப்படுவதில்லை.

வளாகங்களைச் சுற்றி நடக்கும் கட்டுமானப் பணிகளால் மக்கள் படும் அவதியில் பெரும்பகுதிக்குக் காரணம், வளாகத்தின் கால அட்டவணை அந்தப் பணித் திட்டத்துக்குள் இடம்பெறாமலே போவதுதான். சாலை குறுகுவதன் பங்கு அதற்கு அடுத்தது. போக்குவரத்து மாற்றத் திட்டங்கள் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களின் காலை, மாலை நெரிசலை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. வளாகமோ நாள் முழுவதும் மணிக்கொரு முறை ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கால்நடையாக இடம்மாறும் இடம். இந்த இரண்டு நேரக் கணக்குகளும் ஒன்றையொன்று அறியாமல் ஓடும்போது என்னென்ன நேர்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வகுப்பு மாறும் பத்து நிமிடங்கள்

பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு விரிவுரைக்கு 50 நிமிடங்களும், அடுத்த வகுப்புக்குச் சென்று சேர 10 நிமிடங்களும் ஒதுக்கப்படுகின்றன. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் அட்டவணையில் குறித்த மணிக்குக் கால் மணி நேரம் கழித்து வகுப்பைத் தொடங்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. எந்த முறையானாலும், வளாகத்தின் பரப்பையும் மனிதரின் நடை வேகத்தையும் பொறுத்து அமைந்த ஏற்பாடு அது. சாதாரணமாக நடப்பவரின் வேகம் வினாடிக்கு 1.3 மீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் 10 நிமிடத்தில் 780 மீட்டர் கடக்கலாம். வகுப்பறையை விட்டு வெளியே வருவது, படி இறங்குவது, அடுத்த கட்டடத்தில் படி ஏறுவது எல்லாம் இதற்குள்ளேயே முடிய வேண்டும். இந்த நிலையில் ஒரு தடுப்பு 300 மீட்டர் சுற்றிப்போக வைத்தால், அதற்கு மட்டும் ஏறக்குறைய 4 நிமிடம் போய்விடுகிறது. வரைபடத்தில் 300 மீட்டர் என்பது கண்டுகொள்ளத் தேவையில்லாத தூரமாகத் தெரியும். பத்து நிமிட இடைவெளியில் அது ஐந்தில் இரண்டு பங்கு.

தூரத்தைவிட அகலம் தரும் சிக்கல் பெரிது. நடைபாதையில் எத்தனை பேர் கடக்க முடியும் என்பதை முறைப்படி அளந்து வகைப்படுத்தியவர்களில் முன்னோடி, அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின். 1971-இல் வெளியான அவருடைய ஆய்வும் அதற்குப் பின் வந்த போக்குவரத்துப் பொறியியல் கையேடுகளும் சொல்வதன் சாரம் இதுதான்: ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் 80 பேர் அளவிலேயே கடக்க முடியும். அதுவும் தோளோடு தோள் உரசியபடி, முந்தவும் நிற்கவும் முடியாத நிலையில்தான். ஓரளவு இயல்பாக நடக்க வேண்டுமானால் அந்த எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதை ஒரு கணக்கில் பொருத்திப் பார்ப்போம். ஒரு விரிவுரைக் கட்டடத்திலிருந்து 1,200 பேர் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வருகிறார்கள் என்றால், நிமிடத்துக்கு 240 பேர். எதிரே உள்ள பாதை நான்கு மீட்டர் அகலமுள்ளதாக இருந்தால், நெருக்கமாகத்தான் என்றாலும் கடந்துவிடலாம். பள்ளம் தோண்டிப் பாதையை இரண்டு மீட்டராகக் குறுக்கித் தகரத் தடுப்பு வைத்தாயிற்று என்று கொள்வோம். தகரத்தை உரசிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. இருபுறமும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக விலகியே நடப்பார்கள். ஆகவே பயன்படும் அகலம் 1.2 மீட்டர்தான். அதில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 96 பேர் போகலாம். 1,200 பேரும் கடந்து முடிக்க 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். இடைவெளி 10 நிமிடம். எதிர்த்திசையிலிருந்து அடுத்த வகுப்புக்கு வந்துகொண்டிருப்பவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதே பாதையைத் திட்ட ஆவணத்தில் மணிக்கணக்குச் சராசரியாக எழுதினால் எப்படி இருக்கும்? மணிக்கு 1,200 பேர் என்றால் நிமிடத்துக்கு 20 பேர். 96 பேர் போகக்கூடிய பாதையில் 20 பேர்தானே போகிறார்கள், இடம் தாராளமாக இருக்கிறது என்றுதான் அந்த ஆவணம் முடிவு செய்யும். சராசரி உண்மையானது, ஆனால் அந்தச் சராசரி நேரத்தில் அங்கே யாரும் நடப்பதில்லை. வளாகப் பகுதிகளில் எடுக்கப்படும் பாதசாரிக் கணக்கெடுப்புகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே. தடுப்பைத் தாண்டிக் குதிப்பவர்களையும், நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குபவர்களையும் ஒழுங்கற்றவர்கள் என்று கண்டிக்கும் அறிவிப்புகளைப் பல இடங்களில் பார்க்கலாம். 12 நிமிடப் பாதையை 10 நிமிடத்தில் கடக்கச் சொன்னால், பின்வரிசையில் நிற்பவர் சாலையில்தான் இறங்குவார்.

இதில் மிகுந்த அநீதிக்கு உள்ளாவோர், படியேற முடியாதவர்களும் பார்வையற்றவர்களும். பழைய வளாகங்கள் பலவற்றில் ஒரு கட்டடத்துக்குப் பல வழிகள் இருந்தாலும், படிகளே இல்லாத வழி ஒன்றுதான் இருக்கும். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு அந்த ஒரு சரிவுப்பாதையில் ஐம்பது மீட்டரைத் தோண்டிப்போட்டால், அவருடைய வழி நீள்வதோடு நிற்காமல் அற்றே போகிறது. பிரிட்டனில் சாலைப் பணிகளுக்கான பாதுகாப்பு நடைமுறை விதிகள், தற்காலிக நடைபாதைக்கு 1.5 மீட்டர் அகலம் இருப்பது நல்லது, எந்நிலையிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. தடுப்பின் அடிப்பகுதியில் தரையை ஒட்டி ஒரு குறுக்குப் பட்டை இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. அந்தப் பட்டை எதற்கு என்பது பார்வையுள்ளவர்களுக்கு எளிதில் விளங்காது. ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டு வருபவருக்கு, இடுப்புயரத்தில் கட்டிய நாடா இருப்பதே தெரியாது. கோல் அதன் அடியில் நுழைந்துவிடும், அடுத்த அடி பள்ளத்தில் விழும். தரையோரப் பட்டையில் கோல் தட்டினால்தான் அங்கே ஒரு தடுப்பு இருக்கிறது என்று அவர் அறிவார். நாலு கம்பு நட்டு நாடா கட்டிவிட்டு வேலையைத் தொடங்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது ஆபத்தானது. வளாகத்தில், பகலெல்லாம் ஆட்கள் நடமாடும் இடத்தில், அதற்கு மன்னிப்பே கிடையாது.

சாலையும் பேருந்தும்

வளாகத்தை ஒட்டிய சாலையில் பாதி அகலம் அடைபட்டால், எதிரெதிர்த் திசை வாகனங்களை மாறிமாறி விடுவதற்குத் தற்காலிகச் சிக்னல் வைப்பார்கள். அடைபட்ட பகுதி 200 மீட்டர் நீளம் என்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதைக் கடக்க 24 வினாடி ஆகும். ஒரு திசையில் சிவப்பு விழுந்த பின், உள்ளே போன கடைசி வாகனம் வெளியேறும் வரை எதிர்த்திசைக்குப் பச்சை காட்டக் கூடாது. இரு திசைக்கும் சேர்த்து ஒரு சுற்றில் 48 வினாடி யாருக்கும் பயன்படாமல் கழிகிறது. இரண்டு நிமிடச் சுற்றில் மீதி 72 வினாடி, திசைக்கு 36 வினாடி. இரண்டு வினாடிக்கு ஒரு வாகனம் என்று கொண்டால், ஒரு திசையில் மணிக்கு 540 வாகனங்கள்தான் போக முடியும். அடைப்பின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் வீணாகும் நேரமும் பாதியாகக் குறையும். அதனால்தான் நீண்ட பள்ளத்தை ஒரே மூச்சில் தோண்டாமல், துண்டு துண்டாகத் தோண்டி மூடிக்கொண்டே போகும் முறைக்குச் செலவு கூடினாலும் நெரிசல் குறைகிறது.

இங்கே வளாகத்துக்கே உரிய ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழகப் பகுதியில் சைக்கிள்கள் அதிகம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் அதே 200 மீட்டரைக் கடக்க 48 வினாடி ஆகும். சிக்னலின் இடைநேரம் காரின் 24 வினாடியை வைத்துக் கணக்கிடப்பட்டிருந்தால், பச்சையின் கடைசி வினாடியில் உள்ளே நுழைந்த சைக்கிள்காரர் பாதி வழியில் இருக்கும்போதே எதிரே வாகனங்கள் புறப்பட்டுவிடும். ஒதுங்க இடமில்லாத ஒற்றைத் தடத்தில் அவர் என்ன செய்வார்? சைக்கிள் நடமாட்டம் உள்ள இடங்களில் இந்த இடைநேரத்தைச் சைக்கிளுக்கேற்ப நீட்டுவது, அல்லது சைக்கிளுக்குத் தனித் தடம் விடுவது, இரண்டில் ஒன்று கட்டாயம் இருந்தே ஆக வேண்டும்.

பேருந்துக்கு வருவோம். ஒரு வழித்தடத்தில் பேருந்து போய்த் திரும்ப 40 நிமிடம் ஆகிறது, நான்கு பேருந்துகள் ஓடுகின்றன என்றால், பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும். மாற்றுப்பாதையால் போய்த் திரும்பும் நேரம் 52 நிமிடமாக நீண்டுவிட்டால், அதே நான்கு பேருந்துகள் 13 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் வர முடியும். பழைய பத்து நிமிட இடைவெளியைக் காப்பாற்ற ஆறு பேருந்துகளும் அவற்றுக்கு ஓட்டுநர்களும் வேண்டும். மூன்று நிமிடம் கூடுவதில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்பது ஒவ்வொரு மணியிலும் அதே அதே நிமிடங்களில் வரும்; எட்டு மணிக்கு நாற்பது ஆகும்போது ஏறினால் வகுப்புக்குச் சரியாக இருக்கும் என்று மாணவர் மனத்தில் பதிந்திருக்கும், அதுவே பதினொன்று நாற்பதுக்கும் பொருந்தும். 13 நிமிட இடைவெளி மணியோடு ஒத்துப்போகாது. ஒரு மணியில் வகுப்புக்கு ஏற்றபடி வந்த பேருந்து, அடுத்த மணியில் தப்பிப்போகும். அத்தோடு, தாமதமாக வரும் பேருந்துக்காக நிறுத்தத்தில் கூட்டம் சேரும்; கூட்டம் ஏற நேரம் பிடிக்கும்; பேருந்து இன்னும் தாமதமாகும்; பின்னால் வருவது காலியாக அதை எட்டிப்பிடிக்கும். வெகுநேரம் வராமல் இருந்து இரண்டு பேருந்துகள் ஒட்டி வருவதன் காரணம் இந்தச் சங்கிலிதான்.

தடுப்புக்குப் பின்னால் ஆளே இல்லையே

பணி நடக்கும் இடங்களைப் பற்றி எழும் புகார்களில் முதலிடம் பெறுவது, வழியை அடைத்துவிட்டு உள்ளே யாரும் வேலை செய்யவில்லை என்பது. சில வேளை அது சோம்பலாகவோ ஒப்பந்தச் சிக்கலாகவோ இருக்கும். பல வேளைகளில் அந்தக் காத்திருப்பும் வேலையின் ஒரு பகுதி. குடிநீர்க் குழாய் பதித்தால் அழுத்தச் சோதனை செய்து, குளோரின் கலந்த நீர் நிரப்பி வைத்து, பின் கழுவி, நீரின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே இணைக்க முடியும். கான்கிரீட் அதன் வடிவமைப்பு வலிமையை 28 நாளில் எட்டுவதாகக் கொள்வதே பொது நடைமுறை. ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வரும். அதற்குள் மேலே கனரக வாகனங்களை விட்டால் கட்டியது விரிசல் விடும். தோண்டிய பள்ளத்தை மண்ணைக் கொட்டி ஒரே தடவையில் மூடவும் முடியாது. அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும்.

பணி தொடங்கிய பின் நாள் நீள்வதற்குப் பெரிய காரணம் நிலத்துக்கு அடியில் இருப்பவை. பல்கலைக்கழகங்கள் பல, நகராட்சியின் குழாய்களோடு தங்களுக்கென்று தனியாகவும் நீர்க்குழாய், மின்வடம், குளிர்நீர் அல்லது நீராவிக் குழாய், கண்ணாடியிழைத் தொடர்பு எல்லாம் புதைத்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டடம் எழுந்தபோதும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவை அவை. பழைய வரைபடம் ஒரு மீட்டர் தள்ளிக் காட்டும். சிலவற்றுக்கு வரைபடமே இருக்காது. தரை ஊடுருவும் ராடாரும் மின்காந்தக் கருவிகளும் பெரிதும் உதவுகின்றன என்றாலும், ஈரக் களிமண்ணில் ராடார் அலை ஆழமாகப் போகாது. ஆகவே முக்கியமான இடங்களில் கையாலேயே சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பது இன்றும் தவிர்க்க முடியாததாக இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு நகரில் நடந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ரயில் நிலையத்தை ஒட்டி, நகருக்குள் வரும் முக்கிய வழியான பாட்லி சாலையை, ரயில் பாலத்தைப் புதுப்பிப்பதற்காக 2023 ஏப்ரலில் வாகனங்களுக்கு அடைத்தார்கள். 2024 அக்டோபரில் திறப்பதாகச் சொல்லியிருந்தார்கள்; முடியவில்லை. நிலத்தடிக் குழாய்களையும் வடங்களையும் இடம் மாற்றுவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. பாலத்துக்கு அடியில் விக்டோரியா காலத்துச் செங்கல் வளைவு ஒன்றும் தென்பட்டது. திறப்பு நாள் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. தோண்டிய பிறகு அடியில் இருப்பதைக் கண்டறிவது, தோண்டும் முன் கண்டறிவதைவிட எத்தனை மடங்கு நாள் பிடிக்கும் என்பதை அந்த நகரத்து மக்கள் தங்கள் அன்றாட நடையில் அனுபவித்தார்கள்.

கட்டடம் எழும்பும் கட்டத்தில் கான்கிரீட் லாரிகளின் பிரச்சினை வருகிறது. வகுப்பு மாறும் நேரத்தில் லாரிகள் வளாகச் சாலையில் வரக் கூடாது என்று தடை விதிப்பது நியாயமான விதி. பல வளாகங்கள் அதைக் கடைப்பிடிக்கின்றன. ஆனால் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைக் கலந்ததிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்பது பரவலான நடைமுறை விதி. ஒரு தளத்துக்கு ஊற்றத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தவும் முடியாது. முன்பு ஊற்றியது இறுகத் தொடங்கிய பின் அதன்மேல் புதிதாக ஊற்றினால், இரண்டும் ஒட்டாமல் அந்த இடம் பலவீனமான இணைப்பாக நின்றுவிடும். ஆகவே வகுப்பு மாறும் பத்து நிமிடம் லாரியை நிறுத்துவது சாத்தியம். அரை மணி நேரம் நிறுத்துவது வரிசையாக வந்துகொண்டிருக்கும் எல்லா லாரிகளின் நேரத்தையும் குலைக்கும். வளாகத்துக்குச் சற்றுத் தொலைவில் லாரிகள் காத்திருக்க ஓர் இடம் ஒதுக்கி, உள்ளிருந்து ஆள் கூப்பிட்டால் மட்டும் ஒவ்வொன்றாக வரச் சொல்லும் ஏற்பாடு இந்த இரண்டு தேவைகளையும் ஓரளவு சேர்த்து வைக்கிறது. பெரிய அளவில் ஊற்ற வேண்டிய நாளை விடுமுறை நாளாகப் பார்த்து வைப்பது இன்னும் நல்லது. லாரி ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால், வண்டியின் முன்மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள்காரரின் தலைகூடத் தெரியாமல் போகலாம். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஓட்டுநரின் நேரடிப் பார்வை அளவை அடிப்படையாக வைத்து அனுமதி தரும் விதி 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தப்படுகிறது.

விடுமுறைக்குள் எல்லாவற்றையும் திணிப்பது

எல்லாப் பணிகளையும் நீண்ட விடுமுறையில் முடித்துவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் தோன்றும். அது பெரும்பாலும் சரியான யோசனைதான். ஆனால் விடுமுறை என்பது இளநிலை மாணவர்களின் விடுமுறை. ஆய்வு மாணவர்கள், ஊழியர்கள், ஆய்வக உதவியாளர்கள், நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். மாநாடுகளும் சேர்க்கைப் பணிகளும் துணைத்தேர்வுகளும் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. பல்கலைக்கழகமும் நகராட்சியும் குடிநீர் வாரியமும் மின்வாரியமும் தொலைத்தொடர்பு நிறுவனமும் ஒரே இடைவெளியைக் குறிவைத்து வந்தால், கிழக்கு வாசலை ஒருவரும் அதற்கு மாற்றாக அறிவிக்கப்பட்ட வடக்கு வாசலை இன்னொருவரும் ஒரே வாரத்தில் தோண்டும் நிலை வரும். என் கருத்தில், வளாகப் பகுதிப் பணிகளில் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் மிகக் குறைவாகத் தவிர்க்கப்படுவதும் இதுதான். சாலையைத் தோண்டும் ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், அந்த அனுமதிகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் தெரிய வேண்டும், அந்த வரைபடத்தின் மேல் தேர்வு நாள்களும் பருவத் தொடக்கமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். லண்டனில் 2012 முதல், நெரிசல் நேரத்தில் சாலையை அடைத்து வேலை செய்பவர்களிடம் நாளுக்கு இவ்வளவு என்று வாடகை வசூலிக்கும் திட்டமும் நடைமுறையில் உள்ளது. இரவிலும் நெரிசலற்ற நேரத்திலும் வேலையை நகர்த்த அது ஒரு தூண்டுதல். மாணவர் விடுதிகளை ஒட்டிய இடங்களில் மட்டும் இரவு வேலை தீர்வாகாது. தேர்வுக்குப் படிப்பவரின் உறக்கத்தைக் கெடுத்துப் பகல் நெரிசலைக் குறைப்பதில் நியாயம் இல்லை.

விடுமுறையில் தொடங்கிய பணி சற்று நீண்டால் அது நேரே பருவத்தின் முதல் வாரத்தில் வந்து முட்டுகிறது. ஆண்டிலேயே அதைவிட மோசமான வாரம் இல்லை. புதிதாக வந்தவர்களுக்குக் கட்டடங்களின் பெயரே தெரியாது. பழைய வழியே தெரியாதவரிடம் மாற்றுவழிப் பலகை என்ன சொல்லி விளக்கும்? பெட்டி படுக்கையோடு பெற்றோரும் வண்டிகளில் வந்து இறங்கும் வாரமும் அதுதான். பத்து வாரப் பணிக்குப் பத்து வார விடுமுறையை ஒதுக்குவதைவிட, எட்டு வாரத்தில் முடியக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த விடுமுறைக்கு விடுவது பாதுகாப்பானது.

ஆய்வகங்களும் அதிர்வும்

பல்கலைக்கழகப் பகுதிகளில் பணியின் நீளத்தையும் பாதையையும் தீர்மானிக்கும் இன்னொரு காரணத்தை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி, காந்த ஒத்ததிர்வுக் கருவி போன்றவை மனிதரால் உணரவே முடியாத அதிர்வுக்கும், சிறிதளவு மாறும் காந்தப்புலத்துக்கும் பாதிக்கப்படுகின்றன. மின்சார ரயில் ஓடினால் இரண்டும் உண்டாகும்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மினியாபொலிஸ் வளாகத்துக்கு நடுவே செல்லும் வாஷிங்டன் அவென்யூவில் இலகு ரயில் பாதை திட்டமிடப்பட்டபோது, தன் ஆய்வகங்களைக் காக்க வேண்டி அந்தப் பல்கலைக்கழகம் 2009-இல் வழக்குத் தொடுத்தது. 2010-இல் உடன்பாடு ஏற்பட்டது. 2011-இல் அந்தச் சாலை வளாகப் பகுதியில் கார்களுக்கு மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 ஜூனில், ரயில் ஓடத் தொடங்கியது. சாலை மீண்டும் கார்களுக்குத் திறக்கப்படவில்லை. இன்று அங்கே ரயிலும் பேருந்தும் சைக்கிளும் பாதசாரிகளும்தான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்துக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி, 2021 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியபோது, தண்டவாளம் தாங்கும் கான்கிரீட் பலகையை மீள்தன்மையுள்ள தாங்கிகளின் மேல் மிதப்பதுபோல் அமைத்து, அதிர்வு மேலே உள்ள ஆய்வகங்களை எட்டாதபடி குறைத்தார்கள். இத்தகைய பேச்சுவார்த்தைகள் நடக்கும் காலத்தில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, பல்கலைக்கழகம் பொதுப் போக்குவரத்தைத் தடுக்கிறது என்றே தோன்றும். அளவீடுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

பழக்கம் மாறுவது

சாலையை அடைத்தால் அதே அளவு வாகனங்கள் பக்கத்துத் தெருக்களில் வழிந்துவிடும் என்ற அச்சம் இயல்பானது. சாலி கெய்ர்ன்ஸ், பில் குட்வின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சாலை இடம் குறைக்கப்பட்ட 70-க்கு மேற்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் பாதி இடங்களில் சுற்றுத் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்த வாகன ஓட்டம் 11 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. மக்கள் நேரத்தை மாற்றினார்கள், வழியை மாற்றினார்கள், நடந்தார்கள், பயணங்களைச் சேர்த்துச் செய்தார்கள். வளாகப் பகுதிக்கு இதை அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் நேரத்தை மாற்றும் வாய்ப்பு அங்கே குறைவு. வழியையும் வாகனத்தையும் மாற்றும் வாய்ப்போ மற்ற இடங்களைவிட அதிகம்.

லண்டன் சுரங்க ரயிலில் 2014 பிப்ரவரியில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சில நிலையங்கள் மட்டும் மூடப்பட்டன. பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வேறு வழி தேட நேர்ந்த பயணிகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் புதிய வழியிலேயே தொடர்ந்ததைக் கண்டார்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல வழி முன்பே இருந்திருக்கிறது. கட்டாயம் வந்தபோதுதான் தேடினார்கள். பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் ஒரு பெரும் பகுதியினர் புதியவர்கள். பணி நடக்கும் ஆண்டில் சேர்ந்தவர்கள் மாற்றுப்பாதையையே வழக்கமான பாதையாகக் கற்றுக்கொள்வார்கள். தற்காலிகம்தானே என்று விளக்கில்லாத, வளைந்து நெளிந்த பாதையை அமைத்தால், தடுப்பை எடுத்த பின்னும் பலர் அதிலேயே நடந்துகொண்டிருப்பார்கள்.

அறிவிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. 'பணி காரணமாக இடையூறு, பொறுத்தருள்க' என்ற பலகை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. எந்த வாசல், எந்த நாளிலிருந்து, படியில்லாத வழி எது, பேருந்து எங்கே நிற்கும், எவ்வளவு நிமிடம் கூடும், சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பவை அதில் இருக்க வேண்டும். முடியும் நாள் உறுதியில்லை என்றால் ஒரு கால வரம்பைச் சொல்லலாம். தவறிப்போன தேதி ஒன்று, அடுத்து வரும் மூன்று அறிவிப்புகளின் நம்பகத்தன்மையையும் கொண்டுபோய்விடும். தேர்வு வாரத்தில் எதிர்பாராமல் வழி அடைபட்டால் தேர்வுக்கூடத்துக்கு நேரடியாகத் தகவல் போகும் ஏற்பாடும் வேண்டும். தாமதமாக வந்த மாணவர் தன் நேர்மையை நிரூபிக்கும் நிலை வரக் கூடாது.

தடுப்புகளை எடுத்ததும் பணி முடிந்துவிட்டது என்று எண்ணுவதும் சரியல்ல. எவ்வளவு கெட்டித்தாலும், மூடிய பள்ளத்தின் மண் வாகன எடையாலும் மழையாலும் சில மாதங்களில் சற்று இறங்கும். அதனால் முதலில் தற்காலிகமாகத் தார் ஒட்டிவிட்டு, மண் அடங்கிய பிறகு திரும்பி வந்து நிரந்தரமாகப் போடுவது பல இடங்களில் வழக்கம். அந்த இரண்டாவது வருகை எந்தத் திட்டப் பலகையிலும் இருப்பதில்லை. சாலையைத் திறந்தாகிவிட்டது என்று எல்லோரும் மறந்திருக்கும் ஒரு நாளில், பெரும்பாலும் பருவத்தின் நடுவே, மறுபடி தடுப்பு வந்து நிற்கும். முதல் அனுமதி வழங்கும்போதே இந்த இரண்டாவது அடைப்புக்கும் ஒரு விடுமுறை வாரத்தைக் குறித்து வைத்து, நடைபாதைக் கற்களும் சரிவுப்பாதையும் பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தொட்டறியும் தரையோரத் தொடுகை ஓடுகளும் பழைய அளவில் திரும்பப் பதிக்கப்பட்டனவா என்று அந்த வழியைப் பயன்படுத்துகிற மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரையே உடன் வைத்துச் சரிபார்த்த பிறகு ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.